கைசுத்தம்

த்ரியெஸ்தேயில்
போரா காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்க்கிற இரவு.
நீவெஸின் உடையில் கைப்பகுதி இல்லை,
பை இல்லை.
எங்கேதான் ஒளிக்கிறாளோ என்று
முன்வரிசை அவள் முழங்காலில் தேடுகிறது.
நாணயம் விரலிடுக்கில்
சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பதினோரு வருஷம்
பெட்டிக்குள் மடங்கிக் கிடந்து அறுபட்டவள்.
கைதட்டலெல்லாம் அறுத்தவனுக்கு.
உள்ளே, இருட்டில்,
இவள் விரல் பழகினாள்.

ஆட்டம் முடிந்து
லிவியோ கூலி நீட்டுகிறார்.
பேசியது ஒன்பது நோட்டு.
நீட்டியது ஏழு.
"எண்ணிக்கோ."

எண்ணுகிறாள்,
அவர் கண்ணெதிரே,
மேசைமேல் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.
ஆறு. ஏழு.
எட்டு.
ஒன்பது.

"சரியாக இருக்கிறது" என்கிறாள்.

அவர் கை
தன் கோட்டுப் பைக்குள் போய்
அங்கேயே நிற்கிறது.