மூணு

கேக் வாங்கி வந்தது ரெக்ஸ்தான்.
ஜெசிந்தா ஊதி அணைத்துவிட்டு
யாருக்குப் பிறந்தநாள் என்று மகனைக் கேட்டாள்.

அடுத்த செவ்வாய், ஜி.எச்., நரம்பியல்,
டோக்கன் அறுபத்தெட்டு.
கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் நான்
அரைநாள் லீவு போட்டு அவள் பக்கத்தில்.
உறவு என்ற கட்டத்தில் ரெக்ஸ்
ஃபிரெண்டு என்று எழுதினான்.
அடிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

ரயில்வே கொடுத்த வேலை எனக்கு.
கபடி கொடுத்த வேலை.
ஒரே ஒரு இடம் இருந்தது
நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

தொண்ணூற்றெட்டு, மே மாதம், நாலரை மணி.
மேட் எல்லாம் கிடையாது, தண்ணீர் தெளித்த மண்.
கடற்காற்று வரலாமா வேண்டாமா என்று
ராயபுரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.
ஜெசிந்தா பாடிக்கொண்டு வந்தால்
கேட்பவருக்கு மூச்சு முட்டும், அவளுக்கு முட்டாது.
கணுக்காலைப் பிடித்தது ராணிப்பேட்டைப் பெண்.
மேலே நாலு பேர் விழுந்தோம்.
காதுக்கு மேல் இறங்கிய முழங்கால் யாருடையது என்று
இன்றுவரை தெரியாது.
என் முழங்காலிலும் மண் இருந்தது.

கண் திறந்தபடி கிடந்தாள்.
பொன்னுரங்கம் மாஸ்டர் சோடா உடைத்து முகத்தில் ஊற்றி
விரல் நீட்டினார். எத்தினி?
தெரியாத மொழியில் எழுதிய கடைப் பலகையைப் போல
அந்தக் கையைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
மூணு, என்றேன், உதட்டுக்குள்.
மூணு மாஸ்டர், என்றாள்.
அவ்ளோதான், ஒண்ணுமில்ல, எறங்கு.

அவளும் ஆடட்டும் என்றுதான் சொன்னேன்.
சத்தியமாக.
இந்தச் சத்தியத்தை இத்தனை வருஷம் மென்றதில்
சாறு போய்விட்டது, சக்கைதான் இருக்கிறது.

இன்னும் இரண்டு முறை விழுந்தாள்.
மூன்று பாயிண்ட் எடுத்தாள்.
பஸ்ஸில் என் மடியில் வாந்தி எடுத்தாள்.
மதியம் சாப்பிட்ட பரோட்டா என்றோம்.

லிஸ்டில் என் பெயர் வந்தது.
அவள் அதற்குப் பிறகும் எட்டு வருஷம்
எண்ணூர், பொன்னேரி, பழவேற்காடு என்று
டியூப்லைட் வெளிச்சத்தில் ஆடினாள்.
கிரைண்டர் ஜெயித்தாள், சைக்கிள், குத்துவிளக்கு,
ஒருமுறை ஓர் ஆட்டுக்கிடா.
எடுத்த பாயிண்ட்டுக்கு நோட்டு இருந்தது.
விழுந்த கணக்குக்கு நோட்டு இல்லை.

இப்போது காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு
பிறந்த தெருவுக்கு வழி கேட்கிறாள்.
வழி சொன்னவனை அடிக்கக் கை ஓங்குகிறாள்.
குழம்பில் உப்பு, மறுபடி உப்பு.
வயசு நாற்பத்தேழு.

டாக்டர் சின்னப் பையன், தன்மையாகப் பேசினான்.
நூறுலேருந்து ஏழு கழிங்கம்மா.
வர்றதுலேருந்து திரும்ப ஏழு. அவசரமில்ல.

அவள் அவனைப் பார்க்கவில்லை.
என் பக்கம் திரும்பினாள்.
அதே பார்வை. சோடா மட்டும்தான் இல்லை.

நாளெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால்
நான் செய்வது இந்தக் கணக்குத்தானே.
நூறு ரூபாய் நோட்டு, ஏழு ரூபாய் போக
மீதி தொண்ணூற்று மூணு.
அதன் வாலிலும் ஒரு மூணு.
நாக்கு நுனிவரை வந்ததை
பல்லால் பிடித்துக்கொண்டேன்.

ஃபேன் சுற்றியது.
வெளியே அறுபத்தொன்பதைக் கூப்பிட்டார்கள்.
ஜெசிந்தாவின் உதடுகள் அசையத் தொடங்கின,
சத்தமில்லாமல், வேகமாக.
எண்ணுகிறாள் என்று டாக்டர் பேனாவைத் தூக்கினான்.
எனக்குத் தெரியும் அது எண்ணிக்கை இல்லை.
உதடு ஒட்டிப் பிரிகிறது, ஒட்டிப் பிரிகிறது,
நடுவில் மூச்சே இல்லை.
மேசை விளிம்பை விரலால் தொட்டு
விருட்டென்று கையை இழுத்துக்கொண்டு
சிரித்தாள்.

சைபர் என்று எழுதினான்.

எழுந்து கதவைச் சாத்தினேன்.
டாக்டர், அந்த மூணு நான் சொன்னது, என்றேன்.
எந்த மூணும்மா, என்றான் அவன்.