மூன்று கம்பி

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
விசைப்படகு ஒன்றின் வீல்ஹவுஸில்
மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
எதிரே உள்ளங்கை அகலத்தில் பச்சைப் பலகை.
அதிலிருந்து என் லேப்டாப்புக்கு மூன்று கம்பி.

அதன் வாயை என் காதோடும்
என் வாயை அதன் காதோடும்
குறுக்காக மாட்ட வேண்டும்.
வாயும் வாயும் சேர்ந்தால் இருவருக்கும் ஒன்றும் கேட்காது.
மூன்றாவது கருப்பு, கிரவுண்ட்.
அது ஒரு வார்த்தையும் பேசாது.
அது நழுவினால் மட்டும்
திரையில் எழுத்தெல்லாம் எறிந்த சோழியாய்ச் சிதறும்.
இப்போது சிதறுகிறது.

"இது எந்தூரு பாஷ?" என்கிறார் டிரைவர் ததேயு.

கருப்பு பின்னைச் சுரண்டினால் பச்சைக் களிம்பு.
பதினொரு நாளில் செம்பைத் தின்றிருக்கிறது உப்பு.
துடைத்து மாட்டியதும் வார்த்தை வருகிறது.

யூ-பூட் விழித்து நினைவகத்தை எண்ணிப் பார்க்கிறது.
கெர்னலை எழுப்பி அதன் கையில்
ஒரு சாதன மரத்தைக் கொடுக்கிறது:
இந்தக் கிளையில் ஜிபிஎஸ், அந்தக் கிளையில் ரேடியோ,
அதற்கப்பால் ஒன்றுமில்லை, தேடாதே.
அந்த மரத்தில் ஓர் எண்ணை நான் தப்பாக எழுதிவைத்து
ஐப்பசி முழுக்க
இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, பாவம்.

தேதி கேட்டால்
1970, ஜனவரி ஒன்று என்கிறது.
கடிகாரத்துக்கு பேட்டரி வைக்காமல்
பலகைக்கு முப்பது ரூபாய் மிச்சம் பிடித்தான் பெர்ஜின்.
என் அம்மாவே பிறக்காத ஒரு நாளில்
தினமும் கண் விழிக்கிறது இது.
வானத்தில் நாலு செயற்கைக்கோள் அகப்படும்வரை
இதற்கு இன்று கிடையாது.

நாகர்கோவிலில், வடசேரி மாடி அறையில்
ஒரு மாதம் இடறாமல் ஓடிற்று.
சால்டரிங் புகை, ஃபேன் காற்று,
பக்கத்தில் பிரித்த பரோட்டாப் பொட்டலம்.
ராத்திரி கம்பைல் போட்டுப் படுத்தால்
வரி வரியாய் ஓடி, விடியும்போது
பதினெட்டு எம்பியில் ஒரே ஒரு கோப்பு.
அதற்குள் எல்லாம் இருந்தது,
எஞ்சின் தவிர.

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க."
எஞ்சின் இருமுகிறது.
மல்டிமீட்டரில் இருபத்துநாலு, பதினொன்றாய்க் குனிகிறது.
பலகை அணைந்து எழுகிறது.
எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் அறுந்துபோக
கெர்னல் பேனிக்: வேர் கிடைக்கவில்லை.

உள்ளே காவல்நாய் என்று ஒரு டைமர்.
நேரத்துக்கு யாரும் தடவிக்கொடுக்காவிட்டால்
வீட்டைக் கலைத்துவிட்டு மறுபடி கட்டும்.
கட்டுகிறது. விழுகிறது.
கட்டுகிறது.

"கடல்ல நா எத்தன மட்டம் ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணுவேன்,
கேட்டியளா?"
கேட்கவில்லை.

நாலு மணிக்குப் படகு கிளம்பும்.
பெரிய கப்பாசிட்டர் கிடைக்குமா என்று
பெர்ஜினுக்குப் போன் போட்டால்
மார்த்தாண்டத்தில் கடையடைப்பாம்.
புது கார்டில் எல்லாவற்றையும் மறுபடி இறக்கி
வேரை 'வாசிக்க மட்டும்' என்று பூட்டினேன்.
இனி உன்மேல் நீ எதுவும் எழுதவேண்டாம்.
ஓரத்தில் ஒரு துண்டு இடம் மட்டும் திறந்திருக்கும்,
படகு நின்ற இடங்களைக் குறிக்க.
அது போனால் போகட்டும்.

ஸ்டார்ட். இருமல். பதினொன்று.
எழுந்தது. 1970.
கூரை ஆன்டெனாவுக்கு வானம் அகப்பட்டு,
கொஞ்சம் பொறுத்து,
செவ்வாய்க்கிழமை.

ஐஸ் ஏற்றி முடித்து வடம் அவிழ்த்துவிட்டார்கள்.
லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
கரைக்குக் குதித்தேன்.
பஸ் புதுக்கடை தாண்டும்போது பையைத் துழாவினால்
கேபிள் இல்லை.
நானூற்றைம்பது ரூபாய்.

நாற்பது நாள், லட்சத்தீவுக்கும் அப்பால்
ததேயு சாவி திருப்பும்போதெல்லாம்
விநாடிக்கு ஒரு லட்சத்துப் பதினையாயிரத்து இருநூறு பிட்டாய்
தன் நினைவகம், தன் மரம், தன் வேர்
அத்தனையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும்,
அலைக்கு ஆடும்
வெறும் யூஎஸ்பி முனையிடம்.