ஏன் இரண்டு இல்லை

ஈசூன் பலதுறை மருந்தகத்தில்
என் எண் ஒளிர்ந்தபோது
சட்டைப் பையில் ஆறு சிகரெட் மிச்சம்.
தாதி கேட்டார்:
ஒன்றிலிருந்து பத்துக்குள்
விட்டுவிடுவாய் என்று எவ்வளவு நம்புகிறாய்?
மூன்று என்றேன்.
ஐம்பது வயதில் மூன்று மார்க் வாங்கியவனின் கூச்சம்.
திட்டு விழும் என்று காத்திருந்தேன்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
சரி, ஏன் இரண்டு இல்லை?

சொல்லத் தெரியவில்லை.
மருந்துச் சீட்டோடு சேர்த்து
அந்தக் கேள்வியையும் மடித்து வாங்கிவந்தேன்.

நான் மின்தூக்கி பழுது பார்ப்பவன்.
எங்கள் கிடங்குக்குப் பின்னால்
தரையில் மஞ்சள் கோட்டில் ஒரு கட்டம்.
அதற்குள் மட்டும் புகைக்கலாம்.
பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு நாடு,
நான்கு குடிமக்கள்:
ஜுல்கிஃப்லி, ரேமுண்டோ,
சம்பள நாளில் மட்டும் சிரிக்கும் கோ,
நான்.
அப்பா போன செய்தியை
முதலில் சொன்னது அங்கேதான்.
மேகலாவுக்குத் தெரியாத கடனையும்.
பெட்டியில் அச்சடித்த கறுத்த நுரையீரலை
இருபது வருடம் பாக்கெட்டில் வைத்துத் திரிந்தவன்;
அது பயமுறுத்தவில்லை.
கோட்டுக்கு வெளியே
தனியாக நிற்பதுதான் பயமாக இருந்தது.

விடப்போகிறேன் என்று
வீட்டில் சொன்னது இது ஐந்தாம் முறை.
முந்தைய நான்கு முறையும்
"பாக்கலாம்" என்றவள்
இம்முறை அதைக்கூடச் சொல்லவில்லை.
காலையில் சட்டைப் பைக்குள்
சோம்பும் கற்கண்டும்,
சிகரெட் பெட்டி அளவுக்கே
மடித்த பொட்டலம்.

அன்றே, பத்தரை மணி ஓய்வில்
கட்டத்துக்குள் போய்க் கை நீட்டினேன்.
ஜுல் லைட்டரைப் பொத்திக்கொண்டான்.
"தர மாட்டேன்."
"நீயே இழுக்கிறியேடா!"
"நான் விடுறேன்னு யார்கிட்டயும் சொல்லலையே.
நீதான் சொன்னே."
தோளைப் பிடித்துத் தள்ளிக்
கோட்டுக்கு வெளியே நிறுத்தினான்.
காற்று என் பக்கம் திரும்பியபோது
மூவரும் மூலை மாறி நின்றார்கள்.
பேச்சு மட்டும் கோடு தாண்டி வந்தது.

பதினேழாம் நாள்
பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
நின்றுபோனது ஒரு மின்தூக்கி.
உள்ளே ஒரு குழந்தை.
நாற்பது நிமிடம் அழுதது.
கதவு திறந்து, அவர்கள் போன பிறகும்
என் கை நடுக்கம் நிற்கவில்லை.
வழியில் போன யாரோ ஒருவரிடம்
ஒன்று கேட்டு வாங்கி
வடிகட்டி வரை இழுத்தேன்.

போச்சு, மறுபடி பூஜ்யம் என்றேன் ஜுலிடம்.
"அந்தப் பதினேழு நாளை
யாராவது திருப்பிக் கேட்டாங்களா?
பதினெட்டு எங்க, அதைக் காட்டு."

மின்தூக்கியில் ஏறுபவர்கள் நினைக்கிறார்கள்
மோட்டார்தான் அத்தனை பேரையும் தூக்குகிறது என்று.
சுவருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல்
ஓர் எதிரெடை இறங்கிக்கொண்டிருக்கிறது.
மோட்டார் இழுப்பது
இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்.
என்னுடையது சின்ன மோட்டார்.
மூன்று குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஆனால் அது சுழலாவிட்டால்
எத்தனை டன் எதிரெடையும்
சும்மா தொங்கும்.

இன்றைக்கு நல்ல மழை.
ரேமுண்டோ ஊருக்குப் போயிருக்கிறான்,
கோவுக்கு வேறு பிளாக்,
ஜுல் விடுப்பில் ஜொகூரில்.
கட்டம் காலி. மஞ்சள் கோடு நனைந்து பளபளக்கிறது.
பத்தரைக்குக் கால் தானாக வந்துவிட்டது.
வாயில் சோம்பு.
தாதியின் கேள்விக்கு
இன்னும் என்னிடம் பதில் இல்லை.

கைப்பேசி அடிக்கிறது. ஜுல்.
பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.
நலம் விசாரிக்கவில்லை, ஒன்றுதான் கேட்டான்:
"எங்க நிக்கிற?"

குனிந்து காலைப் பார்த்தேன்.
"வெளிய."