லபன சதியே

திங்கட்கிழமை பொதுமக்கள் தினம்.
ஐந்தரைக்குக் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி
கோட்டையில் இறங்கி நூற்றிமூன்றைப் பிடித்தால்
ஏழுக்கு முதல் நாரஹேன்பிட்டி.
இலக்கம் நாற்பதுக்குள் கிடைக்கும்.
ஏழு தாண்டினால் நூற்றைம்பது,
பிறகு மதியச் சோறு முடியும்வரை நிற்க வேண்டும்.
அவர்களுடைய சோறு.

பதினோரு வருடம் சேர்ட்டுக்குப் பொத்தான் துளை வெட்டினேன்.
ஒரு வெள்ளிக்கிழமை கேற்றில் சங்கிலி,
சங்கிலியில் ஒரு கடதாசி.
மெஷினுக்குக் கீழே என் செருப்பு ஒரு சோடி
இன்னும் கிடக்கும்.

நட்டஈடு தீர்ப்பாகிவிட்டது.
தீர்ப்பாகி இருபத்தாறு திங்கள்.
போயாவில் விழுந்த இரண்டைச் சேர்க்கவில்லை.

வாராவாரம் ஒரு படிவம்.
இந்த வாரமும் இருக்கிறேன் என்று ஒரு கையொப்பம்.
வேலை தேடினேன் என்று ஒரு கையொப்பம்.
எங்கே, யாரிடம், என்ன சொன்னார்கள்?
என்ன சொன்னார்கள் என்பதற்கு விட்ட இடம்
ஒரு தீப்பெட்டி அளவு.
"வயது" என்று எழுதினால் நிரம்பிவிடும்.

ஒரு வாரம் தவறினால் கோப்பு அடிக்குப் போகும்.
மகளுக்கு டெங்கு என்று ஒரு திங்கள் போகவில்லை.
அடியிலிருந்து மேலே வர ஆறு வாரம்.
அவள் ஐந்து நாளில் எழும்பிவிட்டாள்.

அடையாள அட்டையில் நான் யசிந்தா.
வங்கிப் புத்தகத்தில் ஜசிந்தா.
தொழிற்சாலைப் பதிவேட்டில் எவனோ
ஹசித என்று எழுதி
என்னை ஆம்பிளையாக்கி வைத்திருக்கிறான்.
மூவரும் ஒருத்தியே என்று சத்தியக்கடதாசி,
அதற்கு முத்திரை, முத்திரைக்குக் காசு.
மூன்று பேர் வரிசையில் நிற்கிறோம்,
ஒருவருக்கும் வரவில்லை.

கருமபீடத்து ஐயா கெட்டவரல்ல.
மேசை விசிறியைச் சுழலவிட்டு
எங்களுக்கும் பங்கு தருவார்.
பெயரைத் தேடுவார், உதட்டைப் பிதுக்குவார்,
"லபன சதியே என்ன" என்பார்.
வருகிற வாரம் வாருங்கள்.
அவ்வளவுதான், மரியாதையான சிங்களம்.
என் காதுதான் தமிழ்க் காது.
சதியே, என்ன?
என்ன சதி என்று நானல்லவா கேட்க வேண்டும்,
அவர் கேட்கிறார்.
மாளிகாவத்தை ரிஸ்மியாவிடம் சொன்னேன்.
சிரித்துச் சிரித்து
இலக்கத் துண்டைத் தொலைத்துவிட்டாள்.

முதலில் அவளுக்குத்தான் படிவம் எழுதிக்கொடுத்தேன்.
பிறகு மட்டக்குளி தங்கராணிக்கு.
பிறகு சுனேத்ரா அக்கா; சிங்களம் தெரியும், கண்ணாடி இல்லை.
பிறகு பெயர் தெரியாதவர்கள்.
வேண்டாம் என்றாலும் கைக்குள் ஐம்பது, நூறு.
ஒருவர் மாலுபணிஸ் ஒன்று,
பேப்பரில் சுற்றி, இன்னும் சூடாக.

இந்தத் திங்கள் என்னுடைய படிவம்.
ஏழாம் கேள்வி, எப்போதும் கோடு இழுத்துவிடும் கேள்வி:
இவ்வாரம் ஏதேனும் வருமானம் பெற்றீரா? எவ்விடத்தில்?
பேனை நின்றது.
இல்லையென்று போடு, என்றான் ஹசித.
கேட்டதற்குப் பதில் எழுது, என்றாள் ஜசிந்தா,
ஒரு துளையும் பிசகாமல் வெட்டியவள்.
கையொப்பமிட வேண்டியவள் யசிந்தா.

எழுதினேன்:
ஆம். நானூற்றைம்பது ரூபா, மாலுபணிஸ் ஒன்று.
இவ்விடத்தில்.

ஐயா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
விசிறி எங்கள் பக்கம் வந்து
அவர் பக்கம் போனது.
லாச்சியைத் திறந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து
என் பக்கம் தள்ளினார்.
நான் தொடவில்லை.
திரும்ப உள்ளே வைத்தார்.
முத்திரை குத்தினார், என்ன முத்திரையென்று தெரியவில்லை,
மை காய்ந்திருந்தது.
"லபன சதியே..." என்று தொடங்கி
அங்கேயே நின்றார்.
மிச்சத்தை நான் சொன்னேன்.

வெளியே, ரிஸ்மியா பிடித்து வைத்த வாங்கில்
எழுதிக்கொள்ள ஆறு பேர்.