இருபத்திரண்டு கிராம்

காகிதப்பட்டறை லாரி புக்கிங் ஆபீசில்
பதினோரு வருஷமாக நான் கேட்கும் முதல் கேள்வி:
உள்ளே என்ன?

காலி, என்றார்.
அவர் இந்திக்கும் என் தமிழுக்கும்
பொதுவாய் இருந்த ஒரே சொல்.

நாற்பத்தைந்து லிட்டர் ஃபிரிட்ஜ்.
இடுப்புயரம்கூட இல்லை.
கதவில் இன்னும் லாட்ஜ் ரூம் நம்பர்.
அனுப்புபவர்: விபுல் தேப்பர்மா.
சேருமிடம்: அகர்தலா.

இந்த ஊரைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள்:
ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு,
சாமி இல்லாத கோயில்.
சாமி திரும்பிவந்து நாற்பது வருஷத்துக்கு மேலாயிற்று.
பேச்சு இன்னும் திருந்தவில்லை.

எனக்கோ காலி என்று எழுத அனுமதியில்லை.
பின்பக்கம் திருப்பச் சொல்லி
கம்ப்ரசர் மேல் ஒட்டிய சீட்டை
கண்ணாடி மாட்டிப் படித்தேன்.
ஆர் அறுநூறு ஏ. இருபத்திரண்டு கிராம்.
லைட்டரில் அடைக்கிற வாயுவுக்குச் சித்தப்பா பிள்ளை.
பற்றிக்கொள்ளும் குணம்
அந்தக் குடும்பத்துக்கே உண்டு.

எரியாத வாயு என்றால் 2857, பச்சை டைமண்ட்.
எரிவது என்றால் 3358, சிவப்பு.
பாகாயம் பஸ் நம்பரைப் போல எனக்கு மனப்பாடம்.
பன்னிரண்டு கிலோவுக்குக் கீழே
டைமண்ட் ஒட்ட வேண்டாம்,
ஆனாலும் எழுது
என்கிறது கம்பெனிப் புத்தகம்.
எழுதினேன். கிராமில்.

சைதாப்பேட்டையில் ஒரு மெக்கானிக் சொன்னானாம்:
குழாயை நறுக்கிவிட்டால் கேஸ் போய்விடும்,
அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்,
இருநூறு ரூபாய்.
ஏன் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை.
நறுக்கியிருந்தால்
அப்போதுதான் அது காலி.

அஸ்கர் அதைச் சாய்த்து உருட்டப் பார்த்தான்.
டேய், அம்புக்குறி எதுக்குப் போட்டிருக்கு?
நிமிர்த்து.
என் குரலுக்கு
அவனைவிட அவர்தான் அதிகம் திடுக்கிட்டார்.
கையிலிருந்த பில்லை
இன்னும் இரண்டாய் மடித்தார்.
ஆறு மாதத்துக்கு முன் வாங்கியது.
அதற்குள் அகர்தலாவிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர்,
போகிறவர் ஒருத்தர்.
எனக்கு எப்படித் தெரியும் என்றால்
இந்த மேஜையில் உட்கார்ந்தால் தெரியும்.
சக்கர நாற்காலி வரும், வாக்கர் வரும்,
பிரிக்காத டயப்பர் பொட்டலம் வரும்.
எல்லாம் வடக்கே போகும்.

கதவை டேப் போடுமுன்
திறந்து பார்க்கவேண்டும். விதி.
திறந்தேன்.
முட்டைத் தட்டின் குழியில் படுத்திருந்தது
ஒரே ஒரு ஊசி மருந்து, மூடி பிரிக்காதது.
இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கவும்.
பங்குனி கடைசி. மூன்று மணி.
தகரக் கூரை படபடவென்று நெளியும் வெயில்.
பிளக்கைப் பிடுங்கி எத்தனை மணி நேரமோ.

மருந்தை இதோடு அனுப்பக்கூடாது என்றேன்.
அது வேறு படிவம்.

எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
ஐஸ் கேட்கவில்லை.
எதிர்க்கடையில் கிடைக்கும் என்று
நானும் சொல்லவில்லை.
பையின் மேல் ஒரு கையை வைத்தபடியே
மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான்கு மூலைக்கும் தெர்மாகோல்.
மேல்பக்கம் இது என்று சிவப்பு மையில் தமிழிலும்
அஸ்கருக்குத் தெரிந்த உருதுவிலும்.
நடுவழியில் யார் படிப்பார்களோ.
குளிர்சாதனப் பெட்டி ஒன்று, பழையது.
வாயு உண்டு.

ரசீதை வாங்கிக்கொண்டு படி இறங்கியவரைக் கூப்பிட்டேன்.
புத்தகத்தின் கடைசி வரி,
பாதிப் பேருக்கு நான் சொல்வதே இல்லை:
வீடு சேர்ந்ததும் உடனே கரண்ட் கொடுக்காதீங்க.
வழியெல்லாம் குலுங்கியிருக்கும்.
உள்ளே இருக்கும் எண்ணெய்
தன் இடத்துக்கு இறங்கணும்.
அதுவரைக்கும் சும்மா நிற்கட்டும்.

எவ்வளவு நேரம், என்றார்.

ஆறு மணி நேரம் என்று போட்டிருக்கிறது.

நீங்கள் ஒரு நாள் விடுங்கள் என்றேன்.