ஒன்பதாவது நாள்

பீடோர் கிளினிக்கின் பின்வாசலில்
ஏழு மணிக்கே நீளும் எங்கள் வரிசை.
முன்வாசல் தடுப்பூசிக் குழந்தைகளுக்கு.
எங்களுக்கென்று கம்பி போட்ட ஒரு சன்னல்,
அதற்குள் நோர்ஷிலாவின் முகம்.

தினமும் அறுபது மில்லிகிராம் மெத்தடோன்,
ஒரே மடக்கு.
குடித்தபின் பேர் சொல்ல வேண்டும், உரக்க.
வாயில் ஒளித்துப் போய்
வெளியே விற்கிறவர்கள் உண்டு, அதற்காக.
"குணாளன் அனாக் லெலாக்கி வீரய்யா."
நாலு மாதமாய்
பொய் கலக்காமல் என் நாள் தொடங்குவது
இந்த வாக்கியத்தில்தான்.

கை நடுக்கம் நின்றது.
செம்பனைக் குலை அறுக்கும் கழி
மறுபடி என் தோளில் உட்கார்ந்தது.
வயிறு மட்டும்
கேட்டைச் சாத்திவிட்டு
சாவியை எங்கோ போட்டுவிட்டது.

தூள் இழுத்த காலத்திலும்
இப்படித்தான் இருந்திருக்கும்.
கவனிக்க ஆளில்லை அப்போது.
நான் வீட்டிலும் இல்லை, உடம்பிலும் இல்லை.
இப்போது திரும்பி வந்தவனிடம்
நோட்டைப் புரட்டிப் பாக்கியைக் காட்டுகிறது
ஒட்டுக்கடைக்காரன்போல.

ஆறாம் நாள் கொய்யா தின்றேன்,
இந்த ஊரில் அதற்கா பஞ்சம்.
ஏழாம் நாள் பெத்தாய்.
அறை நாறியது, அவ்வளவுதான்.
கழிவறைக் கதவுக்கு அடியில்
தவமலரின் கால்விரல்கள் தெரிந்தன.
"உள்ளயே தூங்கிட்டீங்களா?"
போன வருஷமும் இதே கேள்வி,
இதே விரல்கள்.
அப்போது என் கையில் ஈயத்தாளும் லைட்டரும் இருந்தன.
இப்போது ஒன்றுமில்லை என்று
கதவு வழியாக எப்படிக் காட்டுவது?

எட்டாம் நாள் இரவு ஒரு யோசனை.
மருந்தை ரெண்டு மூணு நாள் விட்டால்
தானாகப் பிய்த்துக்கொண்டு போகும்.
லாக்கப் சிமெண்டுத் தரையில்
மூன்று இரவு அப்படி ஓடியவன் நான்.
அதற்கப்புறம் என் கால்
யார் வீட்டுப் பக்கம் திரும்பும் என்பதும்
எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் காலை
அந்த மடக்கு வாயில் இருந்தது.
நாக்கு அதைக் கன்னத்துக்குத் தள்ளியது.
நோர்ஷிலா காத்திருந்தாள்.
விழுங்கினேன்.
பேர் சொல்லத் திறந்த வாயில்
பச்சை மலாயில் வந்தது வேறு:
"புவான், சாயா தா போலே பெராக்."

பின்னால் ஒருவன் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை. எத்தனை நாள் என்றாள்.
ஒரு கட்டைவிரலை மட்டும் மடக்கிக் காட்டினேன்.
வாந்தி உண்டா, வயிறு உப்பியிருக்கிறதா,
காற்றாவது பிரிகிறதா,
மழை நிலவரம் விசாரிப்பதுபோல் கேட்டுவிட்டு
டாக்டரிடம் அனுப்பினாள்.
சிரித்தவன் ரொஸ்லான்.
நகர்ந்து வழிவிட்டு, குரலைத் தணித்து,
"எனக்குப் பதினொண்ணு" என்றான்.
அவனுக்கும் பின்னால் நின்ற ஆ கியோங்
கணக்கே வைப்பதில்லையாம்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.
மெத்தடோனை நிறுத்தாதே,
இது அந்த மருந்தின் குணம்,
உன் தப்பு இல்லை என்றார்.
அந்தக் கடைசி மூன்று சொல்லை
மோட்டார் ஸ்டாண்டு வரைக்கும்
வாயில் வைத்திருந்தேன், விழுங்காமல்.

பாகுபோல ஒரு பாட்டில் லக்டுலோஸ்.
இரவுக்கு ரெண்டு மாத்திரை.
காட்டுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதாது, மூன்று.

மறுநாள் ஒன்றுமில்லை.
அதற்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை.
வெளியே லோரி ஹாரன்.
மண்டோர் என் பேரைக் கத்துகிறான்.
குந்தி, வியர்த்து,
தகரக் கூரையில் ஒரு பல்லியை
விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பல்லியும் நகரவில்லை.
பிறகு, அப்பாடா.

கதவடியில் விரல்கள் வந்து நின்றன.
"என்னங்க?"
"ஒண்ணுமில்ல, போ."
போகவில்லை.
வாளியைத் தூக்கி
முழுத் தண்ணீரையும் ஊற்றினேன்,
அவளுக்குக் கேட்கும்படி.