எட்டு போடுகிறவள்

படிவத்தில் வயதுக்கான கட்டம் சிறியது.
நாற்பத்து மூன்று என்று எழுதினேன்,
மூன்று கட்டத்துக்கு வெளியே போய் நின்றது.
உறுப்பினர் கட்டணம், இரண்டு புகைப்படம்,
இதயம் ஒழுங்காகத் துடிக்கிறதென்று ஒரு சான்றிதழ்.
மார்பில் ஒட்டிய வயர்களைப் பிய்த்தபடி
டாக்டர் கேட்டார், என்ன விளையாட்டு?
ஸ்கேட்டிங், சக்கரம் வைத்தது, என்றேன்.
மகளுக்கா?

எனக்கு மகள் இல்லை.
மோன்ஃபால்கோனே கப்பல் தளத்தில்
பதினாறு வருடமாக வெல்டர்.
இரும்போடு இரும்பை நான் தைத்த தையல்கள்
நான் பார்க்காத கடல்களில் மிதக்கின்றன.
கை நடுங்காதவள் என்று தளத்தில் பேர் உண்டு.
காலைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

செவ்வாய், வெள்ளி, இரவு எட்டரை.
பிள்ளைகள் வீட்டுக்குப் போன அரங்கில்
வாழைப்பழ வாசனை மிச்சமிருக்கும்,
பெஞ்சுக்கடியில் யாருடையதோ ஒற்றைக் காலுறை.
பயிற்சியாளர் இலேனியாவுக்கு வயது இருபத்திரண்டு,
பகலில் மருந்தாளுநர் படிப்பு.
எந்தப் பேச்சையும் இடுப்பில்தான் தொடங்குவாள்.
இடுப்பு எங்கே?
இடுப்பை வீட்டில் வைத்துவிட்டா வந்தாய்?

தரையில் நீலப் பெயின்டில் இரண்டு வட்டம்,
ஒரே ஒரு புள்ளியில் ஒன்றையொன்று தொட்டபடி.
வலக்காலில் ஒன்று, இடக்காலில் ஒன்று.
அவ்வளவுதான் என் போட்டி.
இசை கிடையாது, தாவல் கிடையாது, ஜிகினாப் பாவாடை கிடையாது.
ஒரு தள்ளு. அதற்கப்புறம்
உடம்பு எப்படிச் சாய்கிறதோ அப்படி.

ஒற்றைக் காலில் நிற்பாள் இவள் என்று
முன்னாள் கணவன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான்.
வந்து பார்க்கட்டும்.
நான்கு சக்கரத்தின் மேல், ஒற்றைக் காலில்,
பத்தொன்பது மீட்டர், முழுசாக.

முழுசாக என்பது மார்ச்சில்தான்.
ஜனவரி முழுக்க போரா காற்று கூரையைப் பிராண்டியது,
நான் கால் வட்டத்தில் விழுந்துகொண்டிருந்தேன்.
முழங்கால் ஊதா, பிறகு பச்சை, பிறகு
பழைய தேநீர் நிறம்.
யாரடி அடித்தது, என்றாள் கிரேன் ஓட்டும் மீலேனா.
வட்டம், என்றேன்.

கொரீட்சியாவில் மண்டலப் போட்டி.
பெரியோர் பெண்கள் பிரிவில் இரண்டு பேர்.
நானும்,
முஜ்ஜாவிலிருந்து வந்த பஸ் டிரைவர் நீவெஸும்.
ஐம்பத்தொரு வயது, மூக்குக் கண்ணாடியை
எலாஸ்டிக்கால் தலைக்குப் பின்னே கட்டியிருந்தாள்.
அவள் முறைக்கு ஆறு நிமிடம் முன்
இடது சக்கரத்தின் நட்டு கழன்றது.
ஸ்பேனர் என்னிடம்தான் இருந்தது.
நானே முடுக்கிக் கொடுத்தேன்.
அரைத் திருகு குறைத்து விட்டிருக்கலாம்.
நினைத்தேன்.
குறைக்கவில்லை, ஆனால் நினைத்தேன்,
அதையும் எழுதத்தான் வேண்டும்.

என் முறை.
நடுவர் மூவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
தொலைந்த காதணியைத் தேடுகிறவர்கள் போலக்
குனிந்து என் பின்னால் நடந்தார்கள்.
முதல் எட்டு சுத்தம்.
இரண்டாவதில், கால் மாற்றுகிற புள்ளி தாண்டி,
ஒரு விரல் அகலம், உள்ளே.
அவர்கள் பார்ப்பதற்கு முன்பே
முதுகுத்தண்டுக்குத் தெரிந்துவிட்டது.
தளத்தில் என்றால் கிரைண்டரை எடுத்து
தேய்த்துவிட்டு மறுபடி போடுவேன்.
இங்கே ஓடிய கோடு ஓடியதுதான்.

இரண்டு பேரில் இரண்டாமிடம்.
மூன்றாம் படி காலியாக இருந்தால்
படம் நன்றாக வராது என்று
இலேனியா தன் பிளாஸ்கை அதில் நிறுத்தினாள்.
அதற்கும் கைதட்டினார்கள்.
கழுத்தில் வெள்ளி, என் வெல்டிங் கண்ணாடியை விட லேசு.

ரயில் போய்விட்டிருந்தது.
வா, வழியில் இறக்கிவிடுகிறேன் என்று
நீவெஸ் தன் பழைய பாண்டாவில் ஏற்றிக்கொண்டாள்.
மழை விட்ட சாலை, ஞாயிறு, ஆள் இல்லை.
பேச எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை.
ஊர் எல்லையில் ஒரு ரவுண்டானா.
வெளியேற வேண்டிய பாதையைத் தாண்டினாள்.
மறுபடியும் தாண்டினாள்.
ஸ்டியரிங்கில் இரண்டே விரல்,
டயர் வெள்ளைக் கோட்டை விட்டு இம்மி விலகவில்லை.
மூன்றாவது சுற்றில்,
சாலையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டாள்:
இடுப்பு எங்கே?